ஒரே பதிகம், மூன்று மாதம்

கடிதம்

வணக்கம் ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். வயது 42. காலை எட்டரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு எட்டாகிவிடும். வேலை, பிள்ளைகள் படிப்பு, மாமியாரின் மருந்து மாத்திரை என்று நாள் போய்விடுகிறது. இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி படுக்கும்போது மட்டும் வருகிறது. கைப்பேசியில் தியானச் செயலி வைத்துப் பார்த்தேன். கண்ணை மூடினால் ஜிஎஸ்டி கணக்குதான் ஓடுகிறது.

அம்மா தினமும் தேவாரம் ஓதுவார். அவர் காலமான பிறகு அந்தப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. யூடியூபில் தேடினால் கடன் தீர ஒரு பதிகம், வேலை கிடைக்க ஒரு பதிகம், 48 நாள் விடாமல் ஓதுங்கள் என்கிறார்கள். எதை எடுப்பது? இசை தெரியாது. பொருளும் பாதிதான் புரிகிறது. சில நாள் காலையில் நாலைந்து பதிகம் படித்துப் பார்த்தேன். படித்த அன்றே அலுவலகத்தில் யாரையாவது கத்திவிடுகிறேன். இது வேஷமோ என்று தோன்றி விட்டுவிட்டேன். மாதவிலக்கு நாட்களில் என்ன செய்வது என்பதையும் சொல்லுங்கள்.

ஒரு வாசகி, திருப்பூர்

பதில்

அன்புள்ள சகோதரி,

பட்டியல்களை மூடி வையுங்கள். ஒரே ஒரு பதிகம், அதாவது பத்துப் பதினொரு பாட்டுகள் கொண்ட ஒரு தொகுதி, எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு அதை விட்டு நகராதீர்கள். நான் சொல்ல வருவதில் முக்கால் பங்கு இதுதான். மிச்சமெல்லாம் அதைச் செய்யும் விதம்.

தேவாரம் எனப்படும் முதல் ஏழு திருமுறைகளில் ஏறத்தாழ 800 பதிகங்கள் இருக்கின்றன. தொடங்குகிறவர்கள் சிவபுராணத்தின் 95 அடி, கோளறு பதிகம், திருநீற்றுப் பதிகம், உள்ளூர்க் கோயில் பதிகம் என்று முதல் நாளே முக்கால் மணி நேரத்துக்கு அடுக்கிவிடுகிறார்கள். முதல் வாரம் உற்சாகத்தில் ஓடிவிடும். அடுத்த வாரம் ஒருநாள் நேரம் போதாமல் பாதியில் எழுந்திருக்க வேண்டிவரும். அந்தக் குறை மனதில் தங்கி, பிறகு புத்தகத்தைப் பார்த்தாலே சங்கடமாகிவிடும். நீங்கள் விட்டதற்கும் வேஷம் காரணமல்ல, அளவுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு நான் சொல்லும் பதிகம் சம்பந்தருடைய 'மண்ணில் நல்ல வண்ணம் வாழலாம் வைகலும்'. மூன்றாம் திருமுறையில் 24ஆவது. சீர்காழியின் பன்னிரண்டு பெயர்களில் ஒன்றான கழுமலத்தின் பேரில் பாடியது. கல்யாண வீடுகளில் முதல் பாட்டைக் கேட்டிருப்பீர்கள். அங்கே அதோடு நிறுத்திவிடுவதால் நான்காம், ஐந்தாம் பாட்டுகள் பலர் காதுக்கு வருவதேயில்லை. நான்காவது 'அயர்வுளோம் என்றுநீ அசைவொழி நெஞ்சமே' என்று தொடங்கும். ஐந்தாவது 'அடைவிலோம் என்றுநீ அயர்வொழி நெஞ்சமே'. களைத்துவிட்டோம் என்று தளராதே, நமக்குப் புகலில்லை என்று சோராதே என்று தன் நெஞ்சைக் கூப்பிட்டுச் சொல்கிறார். இரண்டாம் பாட்டில் பொற்கிண்ணத்து அடிசிலும் (அம்மை ஊட்டிய பால்) தந்தை கோபித்துக்கொண்டதும் அவர் வாயாலேயே வருகின்றன. பெரியபுராணம் விரித்துச் சொல்லும் கதைக்கு விதை இங்கேயே கிடக்கிறது.

பழகுவதற்கும் இது எளிது. அடிகள் குறுகியவை. மூன்றாம் அடியில் பெரும்பாலும் 'கழுமல வளநகர்' வந்துவிடும். கடைசிப் பாட்டைத் தவிர, நான்காம் அடி 'பெருந்தகை இருந்ததே' என்று முடியும். முதல் இரண்டு அடிகளில் நெஞ்சு எந்த நிலையில் இருந்தாலும் பாட்டு முடிகிற இடம் ஒன்றே. மனப்பாடமாவதற்கும் சரி, மனம் நிலைகொள்வதற்கும் சரி, இந்தத் திரும்பல் பெரிய உதவி.

இதன் பண், அதாவது பழந்தமிழ் ராகம், கொல்லி. இன்று ஓதுவார்கள் (கோயில்களில் தேவாரம் பாடுகிறவர்கள்) இதை நவரோசு ராகத்தில் பாடுகிறார்கள். பழைய பகுப்பில் கொல்லி இரவுப் பண்களில் ஒன்று. அதனால் காலையில்தான் ஓத வேண்டும் என்ற கவலை வேண்டாம். வீட்டுக்கு வந்து, முகம் கை கால் கழுவி, சாப்பாட்டுக்கு முன் உட்காருங்கள். சாப்பிட்டு முடித்து உட்கார்ந்தால் மூச்சு நீளாது, தூக்கம்தான் வரும். (இரவுப் பண் என்று வகுத்து வைத்துவிட்டு முகூர்த்தக் காலையில் பாடுகிறோம். அது வேறு கதை.)

முதல் வாரம் பாட வேண்டாம், எழுதுங்கள். அம்மாவின் புத்தகம் பழைய பதிப்பாக இருந்தால் அடிகள் சீர் பிரித்து அச்சாகியிருக்கும்: 'கண்ணினல் லஃதுறுங் கழுமல வளநகர்ப்'. சீர் பிரிக்கும்போது சொல் நடுவில் உடையும். உடைந்தபடியே படித்தால் பொருள் கிடைக்காது. நீங்கள் பாதிதான் புரிகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு நோட்டில் இடப்பக்கம் புத்தகத்தில் உள்ளபடி எழுதி, வலப்பக்கம் பதம் பிரித்து எழுதுங்கள்: 'கண்ணில் நல்லஃது உறும் கழுமல வளநகர்'. நாளுக்கு இரண்டு பாட்டு என்றால் ஆறு நாளில் முடிந்துவிடும். பொருளுக்குத் தருமபுரம் ஆதீனத்தின் உரைப் பதிப்பைப் பாருங்கள். உரை முழுவதையும் நகலெடுக்காமல், புரியாத சொல்லுக்கு மட்டும் ஓரத்தில் குறித்துக்கொண்டால் போதும்.

இரண்டாம் வாரம் காதுக்கு. தருமபுரம் ப. சுவாமிநாதன் போன்ற ஓதுவார்களின் பதிவுகள் கிடைக்கின்றன. ஒருவரை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். ஆளுக்கு ஆள் சங்கதி (ஓர் அடியை அசைத்துப் பாடும் விதம்) மாறும், இரண்டு பேரைக் கேட்டால் இரண்டும் படியாது. ஓர் அடி கேட்டு, நிறுத்தி, அந்த அடியைச் சொல்லுங்கள். இசை தெரியாதது தடையில்லை. தாளத்தோடு பாடுவதைப் பண்ணாங்கம் என்றும் தாளமில்லாமல் பாடுவதைச் சுத்தாங்கம் என்றும் ஓதுவார்கள் சொல்வார்கள். உங்களுக்குச் சுத்தாங்கம் போதும். அதுவும் வராவிட்டால் ஒரே சுருதியில் நிறுத்தி ஓசையோடு வாசியுங்கள்.

சுருதி விஷயத்தில்தான் பெரும்பாலும் சறுக்கும். பெண் குரலுக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டை (சுருதியின் உயர அளவு) என்று ஒரு வழக்கு உண்டு. அது பயின்ற குரலுக்கு. நாள் முழுவதும் பேசிக் களைத்த தொண்டைக்கு நான்கில் தொடங்குங்கள். பாட்டிலேயே மேலே போகும் இடத்தைப் பாடிப் பாருங்கள். கழுத்து நரம்பு இறுகினால் இன்னும் அரைக்கட்டை இறக்குங்கள். ஓர் அடிக்கு ஒரு மூச்சு. இரண்டாம் அடி முடிந்ததும் நிதானமாக ஒரு முழு மூச்சு. 'நல்' என்று நிறுத்தி மூச்சு வாங்கி 'லவண்ணம்' என்று தொடர்வது சீர் பிரிப்பைப் பார்த்துப் பாடுவதால் வரும் பிழை. வலப்பக்கத்துப் பிரதி அதற்காகத்தான். 'நல்லஃது' என்னுமிடத்தில் ஆய்தத்தைக் ககரம் போல அழுத்த வேண்டாம். தொண்டையில் மெல்லிய மூச்சாக வந்து போகட்டும்.

மூன்றாம் வாரத்திலிருந்து தினசரி முறை. கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். விளக்கேற்றும் வழக்கம் இருந்தால் ஏற்றுங்கள், இல்லாவிட்டாலும் குறையில்லை. 'திருச்சிற்றம்பலம்' சொல்லித் தொடங்கி, பாட்டுகளை முடித்து, மறுபடி 'திருச்சிற்றம்பலம்'. எல்லாம் சேர்ந்து பத்து நிமிடத்துக்குள் அடங்கும். புத்தகத்தை மூடியதும் எழுந்துவிடாதீர்கள். இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். ஏதாவது ஒரு தொடர் காதில் நின்றுகொண்டிருக்கும். அதையும் பிடித்துவைக்க வேண்டாம்.

ஜிஎஸ்டிக்கு வருகிறேன். பழகாத மனதுக்குப் பற்றிக்கொள்ள எதுவும் தராமல் கண்ணை மட்டும் மூடச் சொன்னால், அது தனக்குத் தெரிந்த வேலையைத்தான் செய்யும். ஓதும்போது வாய்க்கும் கண்ணுக்கும் காதுக்கும் வேலை இருப்பதால் முதல் ஒரு மாதம் இந்தத் தொல்லை குறைந்திருக்கும். சிக்கல் பாட்டு மனப்பாடமான பிறகு வரும். நாக்கு தானாக ஓடும், மனம் அலுவலகத்தில் இருக்கும். பலர் 'பழகிவிட்டது' என்று மகிழ்ந்துபோகிற இந்த இடத்தில்தான் ஓதல் செத்துப்போகிறது. மனப்பாடமானாலும் புத்தகத்தைத் திறந்தே வையுங்கள். நாளுக்கு ஒரு பாட்டை அன்றைய பாட்டாக வைத்துக்கொண்டு, அதை மட்டும் மூன்று முறை, வழக்கத்தைவிட மெதுவாகச் சொல்லுங்கள். மனம் விலகியது தெரிந்தால் அந்த அடியின் தொடக்கத்துக்குப் போங்கள். பதிகத்தின் தொடக்கத்துக்குப் போகாதீர்கள். தண்டனை போல மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறவர்கள் பத்து நிமிடத்தை அரை மணியாக்கிக்கொண்டு, சில நாளில் முழுதாக விட்டுவிடுகிறார்கள்.

சமையலறையில் ஒலிபெருக்கியில் ஓடவிடுவது இந்தக் கணக்கில் சேராது. கேட்க இனிமையாக இருக்கும், அவ்வளவுதான்.

சம்பந்தர் பதிகங்களில் ஓர் ஒழுங்கு உண்டு. பெரும்பாலும் எட்டாம் பாட்டில் இராவணன், ஒன்பதில் அடிமுடி தேடிய பிரமனும் திருமாலும், பத்தில் சமணரையும் சாக்கியரையும் (பௌத்தர்களை) சாடும் வரிகளும், கடைசியில் அவர் பெயரும் ஓதுகிறவர் பெறும் பயனும் வரும். அடுத்தது என்ன என்று தடுமாறும்போது இது கைகொடுக்கும். பத்தாம் பாட்டின் கடுமை சிலருக்கு உறுத்துகிறது, விட்டுவிட்டு ஓதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டுச் சமயப் போரின் குரல் அது என்று தெரிந்துகொண்டு ஓதுவது நல்லது என்பது என் கருத்து. இன்றைய மனிதர் யாரைப் பற்றியும் அது நமக்கு இடும் கட்டளையல்ல.

பலன் பட்டியல்களைப் பற்றிக் கேட்டீர்கள். அவற்றை நான் இகழமாட்டேன், அந்த மரபு பழையது. உங்கள் கொங்குநாட்டில், இன்று திருச்செங்கோடு என்கிற கொடிமாடச் செங்குன்றூரில், உடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் வருத்தியபோது சம்பந்தர் திருநீலகண்டப் பதிகம் பாடினார் என்பது பெரியபுராணச் செய்தி. அவர் தமக்காகப் பாடவில்லை, கூட வந்தவர்களுக்காகப் பாடினார். மாமியார் நலனை நினைத்து நீங்கள் ஒரு பாட்டு ஓதுவதும் அந்த வழிதான். ஆனால் 'நிம்மதி வந்துவிட்டதா' என்று ஓதி முடித்ததும் சோதித்துப் பார்ப்பது, வருடக் கடைசியில் எடுக்க வேண்டிய ஐந்தொகையை (பேலன்ஸ் ஷீட்டை) அன்றாடம் எடுப்பது போல. மூன்று மாதம் அந்தக் கேள்வியையே கேட்காதீர்கள்.

ஓத முடியாத நாட்கள் வரும். அன்றைக்கு நான்காம் பாட்டு ஒன்று போதும், பேருந்தில் நின்றுகொண்டு வாய்க்குள் சொன்னாலும் சரி. அதுவும் தவறினால் மறுநாள் வழக்கமான அளவு மட்டும். நேற்றைய பாக்கியைச் சேர்த்து இரட்டிப்பாக ஓத வேண்டாம்.

கோபத்தைப் பற்றி. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே திருமுருகன்பூண்டி இருக்கிறது. சேர மன்னர் சேரமான் பெருமாள் தந்த பொருளோடு அந்த வழியாக வந்த சுந்தரரை வேடர் மறித்துப் பறித்துக்கொண்டார்கள். சுந்தரர் கோயிலுக்குப் போய் நன்றி சொல்லவில்லை. வழிப்பறி நடக்கிற ஊரில் 'எத்துக்கு இங்கு இருந்தீர் எம்பிரானீரே' என்று பாட்டுக்குப் பாட்டு கேட்டார். இங்கே உமக்கு என்ன வேலை என்கிற தொனி. வந்த வேடர் சிவபூதங்களே என்று பெரியபுராணம் சொல்லும். பதிகத்தில் இருப்பதோ கொதிப்பு. ஏழாம் திருமுறையில் 49ஆவதாக அது இருக்கிறது. சண்டைபோட்ட பாட்டையும் திருமுறையாகக் காத்த மரபு இது. இதில் ஓதுகிறவருக்குக் கோபமே வரக்கூடாது என்று எதிர்பார்க்க என்ன இருக்கிறது? கோபம் வந்ததால் ஓதியது பொய்யாகிவிடாது. அதே சமயம், கத்தியதற்கு ஒரு பாட்டு கூடுதலாக ஓதி நேர் செய்துகொள்ளவும் முடியாது. யாரைக் கத்தினீர்களோ அவரிடம் மறுநாள் காலையில் போய் 'நேற்று அப்படிப் பேசியிருக்கக் கூடாது' என்று சொல்லிவிட வேண்டும். அதற்குப் பதிலாக எந்தப் பதிகமும் இல்லை.

மாதவிலக்கு நாட்களில் ஓதலாம் என்றே சொல்வேன். பூசையறைக்குள் போகாதிருப்பது உங்கள் வீட்டு வழக்கமானால் கூடத்தில் அமர்ந்து, எழுதி வைத்த நோட்டைப் பார்த்து ஓதுங்கள். மனதுக்கு ஒப்பாவிட்டால் வாய்விடாமல் நெஞ்சுக்குள் சொல்லுங்கள். வலி அதிகமான நாளில் ஒரு பாட்டோடு படுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். படுக்கும்போது ஒரு கேள்வி வருவது வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெடுவது, எதிலும் பிடிப்பற்றுப் போவது, இருந்து என்ன பயன் என்று தோன்றுவது வேறு. அப்படியானால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமில்லாமல் பேசலாம். பதிகம் கூடவே நடக்கட்டும், மருந்துக்குப் பதிலாக அல்ல.

மூன்று மாதம் முடிந்த பிறகு இன்னொன்று வேண்டுமென்றால் அப்பரின் 'கூற்றாயினவாறு' எடுங்கள், நான்காம் திருமுறையின் முதல் பதிகம். அதற்கும் பண் கொல்லிதான். யாப்பு வேறானாலும் ராகம் காதுக்குப் பழகியிருக்கும். 'நலந்தீங்கிலும் உன்னை மறந்தறியேன்' என்பது அதில் ஆறாம் பாட்டில் வருகிறது. அதையும் பாடித் தொடங்காதீர்கள். முதல் வாரம் பத்துப் பாட்டையும் நோட்டில் எழுதிப் பதம் பிரியுங்கள், பதிவைக் கேட்பது அதற்கு அடுத்த வாரம்.