புதுக் கால்பந்து நிர்வாகியின் ஆட்டமுறை இருக்கிற அணிக்குப் பொருந்துமா என்று முன்கூட்டியே எப்படிக் கணிப்பது?

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ரூபன் அமோரிம் நிர்வாகியாகக் கொண்டுவந்த 3-4-2-1 ஆட்டமுறை மென்செஸ்டர் யுனைடெட்டில் ஏன் ஒட்டவில்லை, ஆர்னே ஸ்லாட்டின் ஆட்டம் மட்டும் லிவர்பூலில் எப்படி உடனே ஒட்டியது, இதை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பது ஒன்று. கோலாலம்பூர் செந்தூலில் உங்கள் ஞாயிற்றுக்கிழமை அணிக்கு வந்திருக்கும் புதுப் பயிற்றுநரும் மூன்று சென்டர் பேக் (நடுத் தற்காப்பாளர்) வைத்து ஆடச் சொல்கிறார், அதற்கு நம்மிடம் ஆள் இருக்கிறதா என்பது இன்னொன்று. சொல்ல முடியும். இரண்டுக்கும் வழி ஒன்றுதான்.

முதலில் அந்த எண்களை விட்டுவிடுங்கள். மாமாக் கடையில் பெரிய திரைக்கு முன்னால் நடக்கிற சண்டையில் பாதி 3-4-2-1, 4-2-3-1 என்ற எண்களைச் சுற்றித்தான். அதெல்லாம் தற்காப்பிலிருந்து முன்வரிசைவரை ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை பேர் என்று ஆட்டம் தொடங்குமுன் தொலைக்காட்சியில் போடும் படம், அவ்வளவுதான். புது நிர்வாகி வந்தபின் எத்தனை பேருடைய வேலை மாறுகிறது, அந்த மாற்றம் திடலின் எந்த இடத்தில் விழுகிறது என்பதைப் பாருங்கள். இரண்டு பேர் வேலை மாறினால் சில வாரங்களில் சரியாகிவிடும். ஐந்தாறு பேர் மாறி, அதுவும் இரண்டு விளிம்பிலும் நடுத்திடலிலும் மாறினால், அந்தப் பருவத்தில் பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

இதைக் கணக்கிட, நிர்வாகி முன்பு இருந்த அணியின் இரண்டு ஆட்டங்களை முழுதாகப் பாருங்கள். கோல்களை மட்டும் வெட்டி ஒட்டிய காணொளி உதவாது. அதில் மூன்று தருணங்கள் முக்கியம்: தன் கோல் காவலரிடம் பந்து இருக்கும்போது யார் எங்கே நிற்கிறார், பந்தைப் பறிகொடுத்த அடுத்த ஐந்தாறு விநாடிகளில் யார் முன்னே பாய்கிறார், யார் பின்னே ஓடுகிறார், எதிரணியின் கோல் கிக்கின்போது யார் யாரைப் பிடிக்கிறார். பதினொரு இடத்துக்கும் அந்த வேலையைத் தாளில் எழுதுங்கள். பக்கத்தில் உங்கள் அணியின் ஆளையும், கடந்த இரண்டு பருவங்களில் அவர் செய்த வேலையையும், வயதையும், எந்தக் கால் ஆட்டக்காரர் என்பதையும் எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் வட்டம் போட்டால், எத்தனை வட்டம் விழுகிறதோ அதுதான் விடை.

அமோரிமுக்கு இதைச் செய்து பார்ப்போம். அவர் 2024 நவம்பர் 11 அன்று பொறுப்பேற்றார். முதல் ஆட்டம் 24ஆம் தேதி, இப்ஸ்விச் திடலில், 1-1. வலது விங் பேக்காக (தற்காப்பும் தாக்குதலுமாக விளிம்பு முழுக்க ஓடுபவர்) நின்ற அமாட் இயல்பில் ஒரு விங்கர் (விளிம்பில் தாக்கி ஆடுபவர்). இடது விங் பேக்காக நின்ற டியோகோ டாலோ வலதுகால்காரர். நடுத்திடலில் கசெமிரோவும் எரிக்சனும். இருவரும் 1992 பிப்ரவரியில் பிறந்தவர்கள், அப்போது 32 வயது. உள்ளே பத்தாம் எண் இடத்தில், அதாவது முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால், நின்ற கர்னாசோ விளிம்பில் நின்று ஓடிப் பழகியவர். முன்னால் ராஷ்ஃபோர்ட், அவரும் அடிப்படையில் இடது விங்கர். இரண்டாம் நிமிடத்திலேயே அவர் கோல் போட்டுவிட்டார் என்பது வேறு விஷயம். பெயர்ப் பட்டியல் வந்தபோதே ஐந்தாறு வட்டம் போட்டிருக்கலாம்.

இடது விளிம்பைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். இந்த முறையில் அந்தப் பக்கம் கோடு முழுக்க விங் பேக் ஒருவருக்கே சொந்தம். அவருக்கு முன்னால் விங்கர் கிடையாது. பந்து டாலோவிடம் வருகிறது. எதிரணி ஃபுல் பேக் (விளிம்புத் தற்காப்பாளர்) பத்து மீட்டர் தள்ளி நிற்கிறார். இடதுகால்காரர் என்றால் பந்தை முதல் தொடுதலிலேயே கோட்டோரமாகத் தள்ளிவிட்டு ஓடியிருப்பார். டாலோ பந்தை வலதுகாலுக்கு மாற்றுகிறார். அதற்குள் அந்தப் பத்து மீட்டர் மூன்றாகச் சுருங்கிவிடுகிறது. பந்து மறுபடி சென்டர் பேக்கிடம் போகிறது, எதிரணி மொத்தமும் நிதானமாக வரிசைக்குத் திரும்புகிறது. ஓர் ஆட்டத்தில் இது எத்தனை முறை நடக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், ஏன் கோல் விழவில்லை என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

எதிர்க்காலில் ஆடுவதே குற்றம் என்றும் சொல்ல முடியாது. முன்பு இருந்த ஸ்போர்ட்டிங் அணியில் அமோரிம் வலது பக்கம் இடதுகால்காரரான ஜெனி கட்டாமோவை வைத்தே ஜெயித்தார். ஆனால் கட்டாமோ எதிரே நிற்பவரைத் தாண்டிப் போகக்கூடிய விங்கர். டாலோ நல்ல ஃபுல் பேக். ஆளைத் தாண்டுவது அவர் பிழைப்பு இல்லை. 2025 பிப்ரவரியில் லெச்சேயிலிருந்து இடதுகால்காரரான பேட்ரிக் டோர்குவை யுனைடெட் வாங்கியது இந்த ஓட்டையை அடைக்கத்தான்.

நடுத்திடல் கணக்கு இன்னும் கடுமையானது. திடலின் அகலம் 68 மீட்டர், நடுவில் நிற்பது இரண்டே பேர். எதிரணி நடுவில் மூவரை நிறுத்தினால் ஒருவர் எப்போதும் மிச்சம். அந்த மிச்ச ஆளைப் பிடிக்க இரண்டு வழி உண்டு: பத்தாம் எண் ஆட்டக்காரர் ஒருவர் பின்னே இறங்க வேண்டும், அல்லது மூவரில் ஓரத்தில் நிற்கும் வெளிப்பக்க சென்டர் பேக் வரிசையை விட்டு முன்னே பாய வேண்டும். பந்து உருண்டுகொண்டிருக்கும்போதே அவர் கிளம்பியாக வேண்டும். பந்து போய்ச் சேர்ந்தபின் கிளம்பினால், எதிராளி திரும்பிவிடுவார். சென்டர் பேக் விட்டுவந்த இடமும் காலியாகக் கிடக்கும். நால்வர் வரிசையில் இடம் காத்துப் பழகியவருக்கு இந்தப் பாய்ச்சல் எளிதில் வராது. யுனைடெட்டில் அது கைவந்தவர் லிசாண்ட்ரோ மார்ட்டினெஸ். அவரும் 2025 பிப்ரவரியில் முழங்காலில் அடிபட்டுப் பருவத்தை இழந்தார்.

விங்கர்கள் கதை எல்லாருக்கும் தெரிந்தது. ஆட்டமுறையில் விங்கர் என்ற இடமே இல்லை. 2025 குளிர்காலச் சந்தையில் ஆண்டனி பெட்டிசுக்கும் ராஷ்ஃபோர்ட் ஆஸ்டன் வில்லாவுக்கும் இரவலாகப் போனார்கள், கர்னாசோ அந்தக் கோடையில் செல்சிக்குப் போனார். ராஷ்ஃபோர்ட் விவகாரத்தில் ஆட்டமுறை மட்டுமே காரணம் இல்லைதான். ஆனாலும் விங்கர்களை நம்பிக் கட்டிய அணிக்கு, விங்கர் வேண்டாம் என்பவரைப் பருவத்தின் நடுவில் கொண்டுவந்தது நிர்வாகியின் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். அமர்த்தியவர்களின் பிழை அது.

முடிவு: அவர் கையில் வந்த 27 லீக் ஆட்டங்களில் 27 புள்ளி, அணி 15ஆம் இடம். கூடவே யூரோப்பா லீக்கில் இறுதியாட்டம் வரை தோற்காமல் போய், பில்பாவ் நகரில் டாட்டன்ஹமிடம் 0-1 என்று தோற்றார்கள். இங்கே பலர் இதை வைத்து ‘முறை சரி, ஆட்கள்தான் சரியில்லை’ என்று வாதாடுகிறார்கள். முறையையும் ஆட்களையும் தனித்தனியாக மதிப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

மூன்று பேர் தற்காப்பே இங்கிலாந்தில் எடுபடாது என்பதும் பொய். 2016 செப்டம்பர் 24 அன்று அர்சனலிடம் 0-3 தோற்றபின் அன்டோனியோ கோன்டே செல்சியை 3-4-3க்கு மாற்றினார். அடுத்து 13 லீக் ஆட்டங்கள் தொடர்ந்து வெற்றி, 93 புள்ளியுடன் பட்டம். மூன்று பருவம் இரவலில் அலைந்த விக்டர் மோசஸ் வலது விங் பேக் ஆனார். அஸ்பிலிகுவெட்டா ஃபுல் பேக் இடத்திலிருந்து வெளிப்பக்க சென்டர் பேக் ஆனார். பக்கவாட்டில் பாய்ந்து தடுப்பது அவருக்கு ஏற்கெனவே பழகிய வேலை. அந்தக் கோடையில் வாங்கிய கான்டே நடுத்திடலில் இருவர் வேலையைத் தனியாகப் பார்த்தார். அசாரும் பெட்ரோவும் உள்ளே வந்து ஆடுவதில் கெட்டிக்காரர்கள். உண்மையில் வட்டம் விழுந்தது இரண்டு, மூன்று இடத்தில்தான். இன்னொன்றும் இருக்கிறது: முந்தைய பருவம் 10ஆம் இடம் வந்ததால் செல்சிக்கு ஐரோப்பிய ஆட்டமே இல்லை, பயிற்சிக்கு முழு வாரம் கிடைத்தது. அமோரிமுக்கு வியாழன் ஓர் ஆட்டம், ஞாயிறு ஓர் ஆட்டம். இடையில் களைப்பு போக்கவே நேரம் சரி. ஆகவே பயிற்சி நாட்களையும் தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்லாட் வந்தபோது லிவர்பூல் தாளில் வட்டமே அதிகம் இல்லை. 2024 கோடையில், வாங்க நினைத்த நடுத்திடல்காரர் சுபிமெண்டி வர மறுத்தார். அந்தப் பருவம் ஆட என்று வந்த ஒரே ஆள் கியேசா. தற்காப்புக்கு முன்னால் நிற்கும் இடத்துக்கு அணியில் ஏற்கெனவே இருந்த கிராவென்பெர்க்கை இறக்கினார்கள். நெருக்கத்தில் பந்தை வாங்கி அரைவட்டமாகத் திரும்பி ஓட அவருக்கு முன்பே தெரியும். இடம் மட்டும் பதினைந்து மீட்டர் பின்னால் போனது. விங்கர் சலாவுக்குத் தற்காப்புக்காகப் பின்னே ஓடும் வேலை குறைந்தது: 29 கோல், 18 கோல் உதவி. முந்தைய நிர்வாகி குளோப்பின் கடைசிப் பருவத்தில் 82 புள்ளி, ஸ்லாட்டின் முதல் பருவத்தில் 84. நல்ல வாடகைக்காரர் மாதிரி சுவரை இடிக்காமல் நாற்காலியை மட்டும் நகர்த்தினார். அடுத்த கோடையில் விர்ட்ஸ், ஏகிடிகே, இசாக், கெர்கெஸ், ஃப்ரிம்போங் என்று ஒரே மூச்சில் வாங்கியபின் இலையுதிர் காலத்தில் தொடர்ந்து நான்கு லீக் ஆட்டம் தோற்றார்களே, அப்போதும் நிர்வாகி அவர்தான். வேலை மாறியவர்களின் எண்ணிக்கைதான் கூடியிருந்தது.

சுருக்கமாக இன்னோர் எச்சரிக்கை: ஃபுல் பேக்குகளின் வயதை எப்போதும் பாருங்கள். 2016இல் கார்டியோலா மென்செஸ்டர் சிட்டிக்கு நிர்வாகியாக வந்தபோது சபலேட்டா, சாக்னா, கிளிஷி, கோலரோவ் நால்வரும் 30ஐத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். அந்தப் பருவம் மூன்றாம் இடம். அடுத்த கோடையில் வாக்கர், மெண்டி, டனிலோ வந்தார்கள், 100 புள்ளி.

இனி செந்தூல். உங்களிடம் 16 பேர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று சென்டர் பேக் வைக்க முதலில் தேட வேண்டியது விங் பேக்குகளை. கோலாலம்பூரில் மாலை 5 மணி வெயிலிலும் புழுக்கத்திலும் கோடு முழுக்க ஓடுபவர் 60ஆம் நிமிடத்தில் நின்றுவிடுவார். அதனால் இரண்டு பேர் போதாது, நான்கு பேர் வேண்டும். மாற்று ஆட்டக்காரர் வந்துபோக வரம்பில்லாத ஆட்டம் என்றால் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். மூவரில் நடுவில் நிற்பவருக்கு வேகத்தைவிட வாய் முக்கியம், சத்தம் போட்டு வரிசையை நகர்த்த வேண்டும். வெளிப்பக்க இருவருக்குத்தான் வேகம் வேண்டும். பெரும்பாலான அணிகள் இதை மாற்றிச் செய்து, மெதுவான மூத்த ஆட்டக்காரரை ஓரத்தில் நிறுத்தி அடி வாங்குகின்றன.

நான்கு பேர் தேறாவிட்டால் பயிற்றுநரிடம் ஒரு நடுவழியைச் சொல்லுங்கள். பந்து எதிரணியிடம் இருக்கும்போது வழக்கம்போல் நால்வர் வரிசை. பந்து நம்மிடம் வந்ததும் வலது ஃபுல் பேக் அப்படியே நின்று மூவரில் ஒருவராகிறார், இடது ஃபுல் பேக் மட்டும் மேலே ஏறுகிறார். பெரிதாக வேலை மாறுவது ஒருவருக்குத்தான். இடது விங்கர் கோட்டிலேயே நின்றால் இது கெடும், இருவரும் ஒரே தடத்தில் முட்டிக்கொள்வார்கள். அவரை உள்ளே வரச் சொல்ல வேண்டும். பந்து பறிபோனால் இடது பக்கம் திறந்து கிடக்கும், ஆகவே தற்காப்புக்கு முன்னால் நிற்கும் நடுத்திடல்காரர், இடது ஃபுல் பேக் ஏறும்போதே நான்கைந்து மீட்டர் இடப்பக்கம் நகர்ந்து நிற்க வேண்டும். இதை மட்டும் அரைத் திடலில், ஆறுக்கு ஆறு வைத்து, ஒவ்வொரு பயிற்சியிலும் பதினைந்து நிமிடம் ஆடிப் பாருங்கள். நடுத்திடல்காரர் யாரும் கத்தாமலே நகரத் தொடங்கிய பிறகு வலது பக்கத்தையும் ஏற்றுவது பற்றிப் பேசலாம்.