செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் அட்லஸ், சிஎம்எஸ் சோதனைகள் பொதுவெளியில் வைத்திருக்கும் திறந்த தரவுகளைச் சேர்த்து வெளியாட்கள் ஆய்வு செய்ய முடியுமா?

முடியும். ஆனால் இரண்டின் மோதல் நிகழ்வுகளையும் ஒரே கோப்பில் கொட்டிவிட்டு, தரவு இரட்டிப்பாகிவிட்டது என்று கணக்குப் போட முடியாது. பலரும் இடறும் இடம் இது.

புரோட்டான்களை மோதவிடும் செர்னின் ஒரே மோதுவியில் இயங்கினாலும் அவை இரண்டும் வெவ்வேறு கருவிகள். சிஎம்எஸின் காந்தப் புலம் 3.8 டெஸ்லா, அட்லஸின் உட்பகுதியில் 2 டெஸ்லா. ஃபோட்டான் என்ற ஒளித்துகளின் ஆற்றலை சிஎம்எஸ் ஈய டங்ஸ்டேட் படிகங்களைக் கொண்டு அளக்கிறது; அட்லஸ் திரவ ஆர்கானைக் கொண்டு அளக்கிறது. எந்த மோதலைப் பதிவு செய்வது, எதை விட்டுவிடுவது என்று தீர்மானிக்கும் டிரிகர் விதிகளும் வேறு. ஆகவே ஒவ்வொரு தரவையும் அதற்கே உரிய கணினி உருவகப்படுத்தலுடன் தனியாக ஆராய்ந்து, முடிவுகளைத்தான் இணைக்க வேண்டும்.

இணைக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, எந்தப் பிழை இருவருக்கும் பொது என்பது. புரோட்டானுக்குள் அதன் உட்துகள்களான குவார்க்குகளும் குளுவான்களும் பங்கிடப்பட்டிருக்கும் விதத்துக்கு இருவரும் ஒரே கணிப்பை நம்பியிருந்தால், அதிலுள்ள பிழை இரண்டு முடிவுகளையும் சேர்த்தே நகர்த்தும். இந்த ஒட்டுறவைக் கவனிக்காமல் சராசரி எடுத்தால் இல்லாத துல்லியம் இருப்பதாகத் தோன்றும். 2015இல் இரு குழுக்களும் சேர்ந்து ஹிக்ஸ் துகளின் நிறையை 125.09 ஜிஇவி (துகள் இயற்பியலில் ஆற்றலுக்கும் நிறைக்குமான அலகு) என்று வெளியிட்டன. அதன் மொத்தப் பிழையான 0.24இல் புள்ளியியல் பங்கு 0.21, கருவியாலும் முறையாலும் வரும் முறைசார் பங்கு 0.11 (இவற்றை நேராகக் கூட்டுவதில்லை; வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பார்கள்). இரண்டையும் இப்படிப் பிரித்துக் காட்டும் ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்தது.

கருவிகள் வேறுபடுவது நன்மையும்கூட. ஜெர்மனியின் ஹெரா மோதுவியில் எச்1, ஜியூஸ் குழுக்களின் அளவீடுகளைச் சேர்த்தபோது, ஒன்றின் முறைசார் பிழையை மற்றொன்று கட்டுப்படுத்தியது. தரவு கூடியதால் மட்டும் கிடைத்திருக்கக்கூடிய துல்லியத்தைவிட அதிகமாகவே கிடைத்தது.

வெளியாட்கள் சாதித்ததற்கும் சான்று உண்டு. சிஎம்எஸின் 2010ஆம் ஆண்டுத் தரவு 2014இல் பொதுவெளிக்கு வந்தது. அதைக் கொண்டு குழுவுக்கு வெளியே இருந்த கோட்பாட்டு இயற்பியலாளர்கள் மோதலில் கொத்தாகச் சிதறும் துகள் தாரைகளின் உட்கட்டமைப்பை ஆராய்ந்து 2017இல் கட்டுரை வெளியிட்டார்கள்.

தரவு மட்டும் பிழைத்திருந்தால் போதாது என்பதற்கு 1979 முதல் 1986 வரை ஹாம்பர்கில் நடந்த ஜேட் சோதனை நல்ல உதாரணம். பிற்காலத்தில் அதன் தரவை மீட்க முனைந்தபோது, எத்தனை மோதல்கள் நடந்தன என்று கணக்கிடத் தேவையான லுமினாசிட்டி விவரங்கள் காகிதத்தில்தான் கிடைத்தன; அவற்றை மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. மென்பொருளையும் புதிய கணினிகளுக்கு ஏற்ப மாற்றினார்கள். அதனால் எந்தத் தொகுப்பை எடுத்தாலும் அதன் மென்பொருள் பதிப்பையும் கருவியின் அளவீடுகளைச் சரிசெய்யும் அளவுத்திருத்தக் கோப்புகளையும் சேர்த்தே பதிவிறக்குங்கள்.

தொடங்குவதற்கு சிஎம்எஸின் 2012ஆம் ஆண்டு இரட்டை மியூவான் (எலக்ட்ரானின் கனமான உறவுத் துகள்) தொகுப்பைச் சொல்வேன். சுமார் 6 கோடி நிகழ்வுகள். இரு மியூவான்களின் கூட்டு நிறையை வரைபடமாக்கும்போது, 91 ஜிஇவி அருகே மியூவான் இணையாகச் சிதையும் இசட் போசான் துகளின் முகடு எழுந்து நின்றால் உங்கள் நிரல் சரியான பாதையில் இருக்கிறது. பிறகு, வெளியான அளவீடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஹெப்டேட்டா தளத்துக்குப் போங்கள். பல அட்டவணைகளுடன், பிழைகள் எப்படிச் சேர்ந்தே மாறுகின்றன என்று காட்டும் உடன்மாறுபாட்டு அணியும் இருக்கும். சேர்க்கைக்கு அது இன்றியமையாதது. அட்லஸ் 2020இல் தந்த தொகுப்பு கற்பித்தலுக்கானது. ஆய்வுக்கு 2024இல் வந்த 65 டெராபைட் தொகுப்பையே எடுங்கள்.