சின்ன பெட்ரோல் காரா, ஹைப்ரிட்டா? வாசகர் கேள்விகள்

இந்த முறை கார் பற்றிய கடிதங்கள்தான் அதிகம். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். ஹைப்ரிட் என்றால் பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் பேட்டரியும் உள்ள கார்.

கேள்வி: சின்ன பெட்ரோல் கார் ஒன்று, அதே அளவில் ஹைப்ரிட் ஒன்று. எதை வாங்குவது என்று மூன்று மாதமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன். வருடத்துக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டுவேன். கூடுதலாகப் போடும் பணம் பெட்ரோல் மிச்சத்திலேயே திரும்பி வந்துவிடும் என்கிறார்கள் ஷோரூமில்.

பதில்: எத்தனை வருடத்தில் என்று கேட்டீர்களா? அதை அவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். சரி, நாமே கணக்குப் போடுவோம். பெட்ரோல் கார் லிட்டருக்கு 18 கிலோமீட்டர், ஹைப்ரிட் 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். 8,000 கிலோமீட்டருக்கு முதல் காருக்கு 444 லிட்டர் வேண்டும், இரண்டாவதற்கு 320. வருட மிச்சம் 124 லிட்டர். இரண்டு காருக்கும் உள்ள விலை வித்தியாசத்தை ஒரு லிட்டர் பெட்ரோல் விலையால் வகுத்துப் பாருங்கள். 2,000 லிட்டர் என்று வந்தால், அந்தப் பணம் திரும்ப 16 வருடம் ஆகும். அதே காரை வருடத்துக்கு 25,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஐந்து வருடம் சொச்சம்தான்.

எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். பிரேக் போடும்போது வீணாகும் சக்தியைப் பிடித்துப் பேட்டரியில் சேர்ப்பதுதான் ஹைப்ரிட்டின் பெரிய பலம். நின்று நின்று போகும் நெரிசலில் அது நன்றாக வேலை செய்யும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போனால் பிடிக்க எதுவும் இல்லை, மிச்சம் சுருங்கிவிடும். இரண்டு மூன்று கிலோமீட்டர் போய் நிறுத்திவிடுபவருக்கும் முழுப் பலன் கிடைக்காது. இன்ஜினும் புகையைச் சுத்தப்படுத்தும் கருவியும் சூடாக வேண்டும் என்பதற்காகவே அது கொஞ்ச நேரம் பெட்ரோல் எரிக்கும்.

உங்கள் ஓட்டத்துக்குச் சாதாரண கார் போதும். விலை வித்தியாசம் 500 லிட்டருக்குள் வந்தால் மட்டும் மறுபடி யோசியுங்கள்.

கேள்வி: என் பழைய கார் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தருகிறது. 15 தரும் சின்ன காருக்கு மாறினால் 5 தானே கூடும், 25 தரும் ஹைப்ரிட்டுக்கே போய்விடு என்கிறான் மகன்.

பதில்: மகன் தவறான எண்ணைப் பார்க்கிறார். 100 கிலோமீட்டருக்கு உங்கள் பழைய காருக்கு 10 லிட்டர் வேண்டும். 15 தரும் காருக்கு 6.7 லிட்டர், 25 தரும் காருக்கு 4 லிட்டர். முதல் மாற்றத்தில் 3.3 லிட்டர் மிச்சம். அங்கிருந்து ஹைப்ரிட்டுக்குப் போனால் மேலும் கிடைப்பது 2.7 தான். ரிச்சர்ட் லாரிக், ஜாக் சால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008-ல் இதைத்தான் எடுத்துக்காட்டினார்கள்: ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்தே பழகியவர்கள், மிச்சத்தைத் தப்பாக எடைபோடுகிறார்கள். பழைய காரை விடுவதே உங்களுக்குப் பெரிய லாபம். அதன் பிறகு எதை வாங்கினாலும் நட்டமில்லை.

கேள்வி: ஹைப்ரிட்டை ராத்திரி சார்ஜ் போட வேண்டுமா?

பதில்: சாதாரண ஹைப்ரிட்டுக்கு வேண்டாம். பிளக்-இன் ஹைப்ரிட்டுக்கு வேண்டும். நிறுத்தும் இடத்தில் பிளக் இல்லையென்றால் பிளக்-இன் வாங்காதீர்கள்.

கேள்வி: ஹைப்ரிட் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஒரு தடவைகூட பேட்டரியில் மட்டும் ஓடவில்லை. மைலேஜும் பழைய காரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். சர்வீஸில் கேட்டால், "இது மைல்டு ஹைப்ரிட், அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். நான் ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாற்றப்பட்டீர்கள். உங்கள் மேல் தப்பே இல்லை.

இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பல வருடக் கோபம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். 1997-ல் டொயோட்டா பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது ஹைப்ரிட் என்ற சொல்லுக்கு ஓர் அர்த்தம் இருந்தது. இன்ஜின் அணைந்திருக்கும்போதும் மோட்டாரே சக்கரத்தைச் சுழற்றும். இன்று மூன்று வேறு இயந்திரங்களுக்கு அதே பெயரை ஒட்டுகிறார்கள். மைல்டு ஹைப்ரிட்டில் பெரும்பாலும் இன்ஜினோடு பெல்ட்டில் கட்டிய ஒரு சின்ன மோட்டார்தான் இருக்கும். கிளம்பும்போது கைகொடுக்கும், சிக்னலில் அணைந்த இன்ஜினைச் சட்டென்று எழுப்பும், அவ்வளவுதான். பிரியஸ் போல மோட்டாரில் மட்டுமே ஓடக்கூடிய முழு ஹைப்ரிட் வேறு, பிளக் போட்டுச் சார்ஜ் செய்யும் பிளக்-இன் வேறு. பின்பக்கம் ஒட்டிய எழுத்து மட்டும் மூன்றுக்கும் ஒன்று! இதற்காகப் பணம் கொடுப்பவர் இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டுமா என்ன?

"தானே சார்ஜ் ஆகும்" என்ற விளம்பரமும் இதே ரகம். பிளக் போடாத ஹைப்ரிட்டின் பேட்டரியில் சேரும் ஒவ்வொரு துளி மின்சாரமும் நீங்கள் ஊற்றிய பெட்ரோலில் இருந்து வந்ததுதான். பிரேக்கில் திரும்பக் கிடைப்பதும் முதலில் பெட்ரோல் கொடுத்த வேகம்தான். நார்வேயின் நுகர்வோர் ஆணையம் 2020-ல் இந்த வாசகம் ஆட்களைத் திசைதிருப்புகிறது என்று சொல்லி அந்த விளம்பரத்தை நிறுத்தச் சொன்னது. சரியான தீர்ப்பு.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: விளம்பரம், கையேடு, புக்கிங் படிவம், விற்பனையாளர் அனுப்பிய குறுஞ்செய்திகள், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள். எந்தத் தேதியில், யார், என்ன சொன்னார் என்று எழுதி, விற்றவருக்கும் தயாரித்த நிறுவனத்துக்கும் கடிதம் அனுப்புங்கள். ஃபோனில் பேசிப் பயனில்லை. பேசியது நிற்காது, எழுதியதுதான் நிற்கும். பதில் திருப்தியாக இல்லையென்றால் அதே கட்டோடு நுகர்வோர் புகார் அமைப்புக்குப் போங்கள். என்ன ஆயிற்று என்று எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: வீடியோ பார்த்துவிட்டு அட்வான்ஸ் கட்டி ஹைப்ரிட் எடுத்தேன். டிக்கியில் இரண்டு பெட்டிகூட நுழையவில்லை, ஸ்டெப்னியும் கிடையாது. திருப்பிக் கொடுக்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியாது. சில ஹைப்ரிட்களில் பேட்டரி இருக்கும் இடம் டிக்கிக்கு அடியில்தான். அதைத் தெரிந்துகொள்ள ஷோரூமில் டிக்கியைத் திறந்து பார்த்தால் போதும், ஐந்து நிமிடம். இவ்வளவு பெரிய தொகையைக் காரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கட்டியிருக்கிறீர்கள். பஞ்சர் கிட்டை எப்படிப் பயன்படுத்துவது என்றாவது வழியில் நிற்பதற்கு முன் கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒன்பது வருடம் ஓடிய செகண்ட் ஹேண்ட் ஹைப்ரிட் மலிவாக வருகிறது. பேட்டரியை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானது. பல நிறுவனங்கள் ஹைப்ரிட் பேட்டரிக்கு எட்டு வருடம்தான் வாரண்டி தருகின்றன. ஒன்பதாவது வருடத்தில் மலிவாக வருவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

நானும் அப்படி ஒன்றை வாங்கினேன். ஓட்டிப் பார்த்தபோது ஒரு எச்சரிக்கை விளக்குகூட எரியவில்லை. பதினோராவது நாள் எல்லாம் எரிந்தன. அந்தப் பேட்டரி பல துண்டுகளை வரிசையாக அடுக்கிச் செய்தது. கெட்டுப்போன ஒரு துண்டை மட்டும் மாற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் பதிவான பிழைக் குறியீடுகளையும் அழித்து என்னிடம் விற்றிருக்கிறார்கள். மற்ற துண்டுகளும் அதே வயதுதானே, அடுத்தடுத்து போயின. பேட்டரியைக் குளிரவைக்கும் ஃபேன் முழுக்க நாய் முடி அடைத்திருந்தது. பின் சீட்டுப் பக்கத்தில் இருக்கும் காற்றுத் துளையை நான் குனிந்து பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். காருக்குக் கொடுத்ததில் கால் பங்கு பேட்டரிக்குப் போயிற்று. வீட்டில் அந்த மாதம் ஒத்திப்போட்ட செலவுகள் இன்னும் நினைவில் இருக்கின்றன.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். உங்கள் மெக்கானிக்கோடு போய், பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டச் சொல்லுங்கள். குறியீடு எதுவும் இல்லை என்று வந்தால் மட்டும் போதாது. காரின் கம்ப்யூட்டர் தானே செய்துகொள்ளும் சுயசோதனைகள் எல்லாம் முடிந்திருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பல சோதனைகள் முடியவில்லை என்று காட்டினால், சமீபத்தில் யாரோ குறியீடுகளை அழித்திருக்கலாம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது எடுத்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். பேட்டரி அளவு மளமளவென்று ஏறி இறங்கினால் வேண்டாம். காரின் அடியில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலை உயர்ந்த உலோகங்கள் இருப்பதால் திருடர்கள் ஹைப்ரிட்டைத் தேடி வருகிறார்கள். நிறுவன சர்வீஸில் பேட்டரி சோதனை அறிக்கை வாங்கித் தர விற்பவர் மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: மூன்று வாரம் நிறுத்தி வைத்திருந்த ஹைப்ரிட் கிளம்பவில்லை. பெரிய பேட்டரியையே மாற்ற வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். கையில் அவ்வளவு பணம் இல்லை.

பதில்: ஒரு காசும் கொடுக்காதீர்கள் அம்மா. பெரும்பாலான ஹைப்ரிட்டில் பெரிய பேட்டரி தவிர 12 வோல்ட் சின்ன பேட்டரி ஒன்றும் உண்டு. காரின் கம்ப்யூட்டர்களை எழுப்புவது அதுதான். பல நாள் சும்மா நின்றால் அது இறங்கிவிடும், பெரிய பேட்டரி நன்றாக இருந்தாலும் கார் கிளம்பாது. முதலில் வேறோர் இடத்தில் சின்ன பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். பெரியது கெட்டுவிட்டது என்று மறுபடி யாராவது சொன்னால், எந்தக் குறியீடு என்று எழுதி வாங்குங்கள்.

கேள்வி: கையேட்டில் போட்டிருக்கும் மைலேஜ் வரவில்லை. வழக்குப் போடலாமா?

பதில்: முதலில் அளந்து பாருங்கள். டேங்க்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, ஊற்றிய லிட்டரால் ஓடிய தூரத்தை வகுக்க வேண்டும். ஐந்து முறை. சோதனைக்கூட எண்ணைவிட ரோட்டில் குறைவது சகஜம். ஆனால் நிறுவனமே தப்பான எண் போட்டதும் உண்டு. ஃபோர்டு 2013-ல் தன் சி-மேக்ஸ் ஹைப்ரிட்டின் எண்ணைக் கேலனுக்கு 47 மைலிலிருந்து 43 ஆகக் குறைத்தது, அடுத்த வருடம் 40 ஆக்கியது. வேறொரு மாடலின் சோதனை முடிவை அதற்கும் போட்டிருந்தார்கள். வாங்கியவர்களுக்குப் பணமும் கொடுத்தார்கள்.

கேள்வி: வாடகைக் கார் ஓட்டுகிறேன். வருடத்துக்கு 60,000 கிலோமீட்டர், எல்லாம் நகர நெரிசலில்.

பதில்: முழு ஹைப்ரிட். யோசிக்கவே வேண்டாம். வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே செய்வதால் பிரேக்கும் மெதுவாகத்தான் தேயும். பேட்டரிக்குக் காற்றுப் போகும் துளை பின் சீட்டுப் பக்கம் இருந்தால் வாரம் ஒரு முறை துடையுங்கள். பயணிகள் பையை வைத்து அடைத்துவிடுவார்கள்.