‘லைசென்ஸ் வேண்டாம்’ என்று விற்ற பேட்டரி வண்டி, 14 வயது மகன், ஒரு விபத்து

கேள்வி: மகனுக்கு 14 வயது. ‘லைசென்ஸ், ஆர்.சி. எதுவும் வேண்டாம், பிள்ளைகளே ஓட்டலாம்’ என்று கடையில் சொன்னதை நம்பி, டியூஷன் போக என் கணவர் பெயரில் பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினோம். மெதுவாகப் போகிறது என்று பையன் நச்சரித்ததால் கடைக்காரரே ஸ்பீட் லாக்கை எடுத்துவிட்டார், நாங்களும் சரி என்றோம். இப்போது 45 வரை போகிறது. போன வாரம் சாலையைக் கடந்த பெரியவர் மீது மோதி, அவருக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. அப்பா மீது கேஸ் வரும் என்கிறார்கள். ‘நான்தான் ஓட்டினேன் என்று அப்பாவே சொல்லிவிடட்டும்’ என்கிறார் உறவினர் ஒருவர். என்ன செய்வது? 11 வயது மகளுக்கு மிதிக்கிற எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தோம், அதையும் விட்டுவிட வேண்டுமா?

பதில்: அம்மா, முதல் வேலையாக அந்த உறவினர் சொன்னதை மறந்துவிடுங்கள். ஓட்டாதவர் ஓட்டியதாகச் சொன்னால் இருக்கிற வழக்கோடு பொய்த் தகவல் கொடுத்த குற்றமும் சேரும். தெருவில் பார்த்தவர்கள் இருப்பார்கள், கேமரா இருக்கும், அடிபட்ட பெரியவரே சொல்லுவார். அதேபோல வண்டியைக் கடைக்குக் கொண்டுபோய் லாக்கைத் திரும்பப் போட்டுவிடலாம் என்றும் யோசிக்காதீர்கள், அது சாட்சியத்தை அழிப்பது. வண்டி இருக்கிறபடியே இருக்கட்டும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். உங்கள் வண்டி சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனமா, இல்லையா? எல்லாமே இதில்தான் நிற்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் விதி 2(u) இதைச் சொல்கிறது: மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் கீழே, அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே, இரண்டையும் அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் (புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. மாதிரி) சரிபார்த்துச் சான்று தந்திருக்க வேண்டும். அப்படியானால்தான் அது மோட்டார் வாகனம் இல்லை, லைசென்ஸும் பதிவும் தேவையில்லை. ஆக, கடைக்காரர் விற்ற அன்று சொன்னது ஒருவேளை உண்மையாகவே இருந்திருக்கலாம். லாக்கை எடுத்த நிமிடத்தில் அது பொய்யாகிவிட்டது. 45-இல் ஓடும் வண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. அப்போது அது பதிவு இல்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம், ஓட்டியவர் 18 வயது நிரம்பாதவர். 16 வயதுக்கு மேல் 50 சிசி வரை ஓட்டலாம் என்று ஒரு விலக்கு உண்டு, ஆனால் உங்கள் மகனுக்கு 14 தானே, அதைப் பேசிப் பயனில்லை.

உங்களைப் பயமுறுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 199A, 2019 திருத்தத்தில் வந்தது. சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரோ வாகன உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார்: 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. (பதிவை 12 மாதம் ரத்து செய்யலாம் என்றும் இருக்கிறது, உங்கள் வண்டிக்குத்தான் பதிவே இல்லையே.) ‘எனக்குத் தெரியாமல் நடந்தது’ அல்லது ‘தடுக்க எல்லா முயற்சியும் எடுத்தேன்’ என்று நிரூபித்தால் பெற்றோர் தப்பலாம். உங்களுக்கு அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடிவிட்டது, லாக்கை எடுக்கச் சம்மதித்ததே நீங்கள்தான். ஆனால் 3 ஆண்டு என்பது உச்சவரம்பு, அவ்வளவும் கொடுத்தே ஆகவேண்டும் என்று இல்லை. போலீஸ் கூப்பிட்டவுடனே கைது என்றும் இல்லை. 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உள்ள குற்றங்களுக்கு பி.என்.எஸ்.எஸ். (குற்ற விசாரணை முறைச் சட்டம்) பிரிவு 35-இன் கீழ் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கும் வழி இருக்கிறது. நோட்டீஸ் வந்தால் வழக்கறிஞரோடு போகச் சொல்லுங்கள். பையனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, அவன் விஷயம் இளைஞர் நீதி வாரியத்துக்குத்தான் போகும்.

உண்மையில் உங்கள் கையைக் கடிக்கப் போவது அபராதம் இல்லை, நஷ்டஈடு. இன்சூரன்ஸ் இல்லாததால் பெரியவரின் ஆஸ்பத்திரிச் செலவு, வருமான இழப்பு, வலிக்கான தொகை என்று விபத்து நஷ்டஈட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் சொல்வதெல்லாம் உங்கள் கணவர் கையிலிருந்துதான் போகும். இப்போதே போய்ப் பாருங்கள், மருத்துவச் செலவுக்குக் கொடுங்கள், மனிதாபிமானம் ஒரு பக்கம், வழக்குக்கும் நல்லது. ஆனால் கொடுப்பதை வங்கி வழியாகக் கொடுங்கள், வெற்றுத்தாளில் கையெழுத்து மட்டும் போடாதீர்கள். பணம் கொடுத்துப் பேசி முடித்தால் 199A தானாகப் போய்விடும் என்றும் நினைக்காதீர்கள்.

கடைக்காரர் மீது எனக்குக் கோபம்தான். பில், விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் எடுத்து வையுங்கள். சோதனைச் சான்றிதழைக் கேட்டு எழுத்தில் கடிதம் அனுப்புங்கள். மோட்டார் ஆரம்பத்திலிருந்தே 250 வாட்டைத் தாண்டியது என்று தெரிந்தால் நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் கை ஓங்கும். 2 ஆண்டுக்குள், உங்கள் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் ரூபாய்க்குள் வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் இல்லை. சான்று சரியாக இருந்து லாக்கை எடுத்தது மட்டும்தான் தவறு என்றால், ‘நீங்களும் ஒத்துக்கொண்டீர்களே’ என்று கேட்பார்கள். வழக்கு பலவீனப்படும், ஆனாலும் போடத்தான் சொல்வேன்.

அப்புறம், மகளின் சைக்கிள். மிதித்தால் மட்டும் மோட்டார் உதவும், 25-ஐத் தொட்டதும் நின்றுவிடும், 250 வாட்டுக்குக் கீழே, முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு பிரதிபலிப்பான், நல்ல பிரேக், மேலே சொன்ன சோதனைச் சான்று, இவையெல்லாம் இருந்தால் அது மோட்டார் வாகனம் இல்லை, அந்தச் சட்டத்தின் வயது வரம்பும் பொருந்தாது. ஆனால் யாரையாவது இடித்தால் அஜாக்கிரதைக்கான பொறுப்பு வீட்டுக்கு வரத்தான் செய்யும். பேட்டரி, மோட்டாரோடு அது சாதா சைக்கிளைவிடக் கனம், 11 வயதுக் கை பிரேக்கை முழுசாக அழுத்துமா என்று கடையிலேயே ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஹெல்மெட் சட்டத்துக்காக இல்லை, தலைக்காக. கைப்பிடியைத் திருகினால் மிதிக்காமலே ஓடும் மாடல் என்றால், சோதனைச் சான்றை உங்கள் கண்ணால் பார்க்காமல் வாங்காதீர்கள்.