பழைய கார்களின் நினைவாகப் பொருட்களை ஃபிலிமில் எடுத்துப் பகிர்கிறார்களே, செல்பேசியில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் போதாதா?

படம் அழகாக இருந்தால் சரி என்றால் செல்பேசி தாராளமாகப் போதும். ஆனால் உங்கள் கேள்வியைப் படிக்கும்போது, வீட்டில் அப்பாவின் வண்டியோ தாத்தாவின் வண்டியோ தூசி படிந்து நிற்கிறது, எடைக்குப் போவதற்குள் எதையாவது எடுத்துவைக்க நினைக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அந்த நிலையில் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் நின்றது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் 1961 முதல் சென்னையில் அந்தப் பெயரில் தயாரானது. அம்பாசிடரையும் ஃபியட்டையும் பற்றி உருகி எழுத ஊரெல்லாம் ஆள் இருக்க, ஹெரால்டைப் பேசுவோர் குறைவு என்பது என் நெடுநாள் மனக்குறை. அதன் பானெட் இருபக்க மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். அப்பா முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு ஸ்பார்க் பிளக்கைத் துடைப்பார்.

வண்டியை விற்பதென்று முடிவானதும், முழு வண்டியை எடுக்காமல், சாவி, வீல் கப், ஆஷ்டிரே, ஸ்டீயரிங் என்று தனித்தனியாக, பென்டாக்ஸ் கே1000 கேமராவில் இல்ஃபோர்டு ஹெச்பி5 என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம் போட்டு எடுத்தேன். வீல் கப்பில் நானும் முக்காலியும் தெருவும் சேர்ந்தே தெரிந்ததால், வாசலில் அப்பாவின் வெள்ளை வேட்டியைக் கட்டி வெளிச்சத்தை மட்டுப்படுத்த வேண்டியிருந்தது. குரோமியத்தின் பளபளப்பை நம்பி, வெளிச்சத்தை அளக்கும் மீட்டரைப் பார்த்தால் படம் இருண்டுவிடும். ஆகவே சிமென்ட் தரையில் அளந்துகொண்டேன். நீண்ட நேரம் திறந்து எடுக்கும்போது ஃபிலிம் வெளிச்சத்தை வாங்கும் வேகம் குறைந்துவிடும் என்பதால், மீட்டர் கணக்கில் 4 விநாடி வந்தால் அந்த ஃபிலிமுக்கு ஏறக்குறைய 6 விநாடி கொடுக்க வேண்டும். ஸ்டீயரிங்கை அப்படி எண்ணிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், அப்பாவின் வலது கை எப்போதும் இருந்த இடத்தில் மட்டும் மினுமினுப்புத் தேய்ந்து மங்கியிருந்தது கண்ணில் பட்டது. செல்பேசியிலும் இதே பொறுமையோடு எடுக்கலாமே என்று சிலர் சண்டைக்கு வரலாம். எடுக்கலாம்தான், எனக்கு அந்தப் பொறுமை அதில் வருவதில்லை, அவ்வளவே.

பகிர்வதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். முழு வண்டியின் பழைய படத்தைக் காட்டினால் உறவினர்கள் "நல்ல வண்டி" என்று சொல்லி அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். ஆஷ்டிரே படத்தைப் பார்த்த சித்தப்பாவோ, ஏற்காடு மலைப்பாதையில் ரேடியேட்டர் கொதித்து நின்றதையும், அப்பா சிகரெட் பற்றவைத்துக்கொண்டு அது ஆறும்வரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்ததையும் அரை மணி நேரம் சொன்னார். அந்தக் கதை எங்கள் வீட்டில் அதுவரை யாருக்கும் தெரியாது.

இதிலுள்ள சிரமத்தைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலை மூடிக்கிடக்கிறது. நீலகிரியில் 'இந்து' ஃபிலிம் செய்த நாட்டில் இன்று ஒரு கறுப்பு வெள்ளைச் சுருளுக்கு வெளிநாட்டின் கையை எதிர்பார்க்கிறோம். கழுவக் கொடுக்கும் இடத்திலும் கவனம் தேவை. ஸ்டீயரிங் இருந்த சுருளை நான் கொடுத்த கடையில், ஸ்கேன்தான் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டோமே, நெகட்டிவ் எதற்கு என்று கேட்டார்கள். அதற்குள் அது குப்பைக்குப் போயிருந்தது. நீங்கள் கொடுக்கும்போது, நெகட்டிவைத் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.