பூனை எடுத்துக்கொள்ளும் காசு

கேள்வி: என் தம்பி துபாயிலிருந்து வரும்போது என் மகனுக்கு (4-ஆம் வகுப்பு) ஒரு பூனை உண்டியல் வாங்கி வந்தான். தட்டில் காசை வைத்தால், பெட்டிக்குள்ளிருந்து பூனை கையை நீட்டி இழுத்துக்கொள்ளும். வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் காசு கேட்கிறான். பேட்டரி தீர்ந்ததும் அதைத் தொடவே இல்லை. இப்போது டவுன் கடையில் பார்த்த ஏடிஎம் உண்டியல் வேண்டுமாம். "எப்படியோ சேமிக்கிறானே" என்கிறார் கணவர். "மண் உண்டியல் போதும்" என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அன்புச் சகோதரி, நான் உங்கள் மாமியார் பக்கம்.

பேட்டரி தீர்ந்ததும் காசு போடுவது நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயம் அதில்தான் இருக்கிறது. அவன் சேர்த்தது காசை அல்ல. ஒவ்வொரு காசுக்கும் ஒரு வேடிக்கை பார்த்திருக்கிறான். அடிமூடியைத் திறந்து, அதே காசை எடுத்துத் திரும்பவும் போட்டிருப்பானே? எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் செய்யும். அவன் மேல் தப்பே இல்லை. பொம்மை அதற்காகத்தான் செய்யப்பட்டிருக்கிறது.

இது நேற்று வந்த வியாபாரமும் இல்லை. 1869-லேயே அமெரிக்காவில் வார்ப்பிரும்பில் ஓர் உண்டியலுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். சின்னக் கட்டடம் போல இருக்கும். கதவுக் குமிழை இழுத்தால் கூரை திறந்து குரங்குக் காசாளர் எழும்பும். அதன் மேசையில் காசை வைத்தால் அந்தக் கனத்தில் உள்ளே இறங்கிவிடும். அப்புறம் விதவிதமாக வந்துகொண்டே இருந்தன. பிள்ளைக்குச் சேமிப்பு பழக்குகிறோம் என்ற நிம்மதியைப் பெற்றோருக்குக் கொடுத்தே இந்தப் பொம்மைகளை விற்கிறார்கள். சேமிக்கவே ஒரு செலவு, அது சலித்ததும் அடுத்த மாடல். உங்கள் மகன் பூனையிலிருந்து ஏடிஎம்முக்குத் தாவியதும் அப்படித்தான். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

மண் உண்டியலில் போடும்போது 'டக்' என்ற சத்தம் மட்டும்தான். திறக்க வழி கிடையாது. சந்தோஷமெல்லாம் உடைக்கிற அன்றைக்குத்தான். அதுவரை பொறுத்திருக்கப் பழகுவதுதான் சேமிப்பு.

உங்கள் ஊரிலிருந்து காருகுறிச்சி பக்கம்தான். அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். மண்பாண்டம் செய்கிறவர்களைப் பார்க்கட்டும், உண்டியலை அவனே தேர்ந்தெடுக்கட்டும். எதற்காகச் சேர்க்கிறான் என்பதையும் அவனே சொல்லட்டும். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தன்று உடைக்கலாம் என்று நாள் குறித்துவிடுங்கள். ஆச்சி கையால் முதல் காசு போடச் சொல்லுங்கள், அவர்களுக்கும் மனசு குளிரும்.

பூனையைத் தூக்கி எறிய வேண்டாம். மாமா ஆசையாக வாங்கி வந்தது. பேட்டரி மாற்றிக் கொடுங்கள். ஆனால் அதற்கென்று ஒரே ஓர் அஞ்சு ரூபாய்க் காசு போதும். அதை வைத்தே விளையாடட்டும். விருந்தாளிகளிடம் காசு கேட்பதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள்.

ஏடிஎம் உண்டியலை இப்போது வாங்கித் தராதீர்கள். தேரோட்டத்தன்று உடைத்து அவனே எண்ணட்டும். அப்போதும் அதுதான் வேண்டும் என்றால், அவன் காசில் அவன் வாங்கிக்கொள்ளட்டும், தடுக்காதீர்கள். மிச்சம் இருந்தால், பத்து வயது முடிந்ததும் அஞ்சலகத்துக்குக் கூட்டிப் போங்கள். அந்த வயதில் அவன் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் தொடங்கி அவனே கையெழுத்துப் போடலாம். தொடங்க 500 ரூபாய் வேண்டும்.