மறதிக்கு எதற்கு இ.இ.ஜி.?

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. ஒரு வருடமாக மறதி. ஒரு நாள் பேரன் பெயரே வராது. மறுநாள் பழைய வட்டிக் கணக்கைக்கூடப் பிசகாமல் சொல்வார். ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை. இப்போது இ.இ.ஜி. எடுக்கச் சொல்கிறார் டாக்டர். அப்பாவுக்கு வலிப்பே வந்ததில்லையே? தலையில் கரண்ட் வைப்பார்களா?

பதில்: வைக்க மாட்டார்கள். தலையில் பசை தடவி இருபது சொச்சம் சிறு வில்லைகளை ஒட்டுவார்கள். மூளையில் தானாக எழும் மின் அலைகளை அவை பதிவு செய்யும், அவ்வளவுதான்.

விழித்தபடி கண்ணை மூடினால், பின்மண்டையில் நொடிக்கு 8 முதல் 13 வரை ஆல்ஃபா அலைகள் வரும். மறதிநோய் முற்ற முற்ற இவை மெதுவாகும். ஆனால் அல்சைமர் என்ற வகை மறதிநோயின் தொடக்கத்தில் பலருக்கு இ.இ.ஜி. நார்மலாகவே இருக்கும். சில மாத்திரைகள், அரைத்தூக்கம்கூட அலையை மந்தமாக்கும். அதனால் 'அல்சைமரா, இல்லையா' என்பதை இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இதே அலைகளைக் கலர் கலராக 'பிரெயின் மேப்பிங்' படமாகத் தந்தாலும் அப்படித்தான்.

பிறகு ஏன்? 'ஒரு நாள் இப்படி, மறுநாள் அப்படி' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான். கை கால் வெட்டாத வலிப்பும் உண்டு. தூங்கி எழுந்ததும் அரை மணி, ஒரு மணி நேரம் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பார்கள், அப்புறம் தெளிந்துவிடுவார்கள். இது மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்படும். ஒருமுறை எடுத்த பதிவில் சிக்காமலும் போகலாம். சந்தேகம் வலுவாக இருந்தால் தூக்கத்திலும் பதிவு செய்வார்கள். இல்லாத ஆளைப் பார்ப்பது, தூக்கத்தில் கத்தி உதைப்பது இருந்தால் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். அது லூயி பாடி என்ற வகை மறதிநோயாக இருக்கலாம். அதிலும் பின்மண்டை அலைகள் மந்தமாவது ஒரு தடயம். சோடியம் குறைந்து வரும் குழப்பத்திலும் அலை மாறும். ரத்தத்தில் சோடியம், பி12, தைராய்டு பார்த்தாயிற்றா?

முதல் நாள் இரவே ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளிக்கட்டும். காலையில் பழக்க தோஷத்தில் எண்ணெய் தடவிவிடுவார், பார்த்துக்கொள்ளுங்கள், வில்லை ஒட்டாது. வழக்கம்போல் சாப்பிடலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், சீட்டை எடுத்துப் போங்கள். அடுத்த முறை அப்பா குழம்பும்போது, மணியைக் குறித்துக்கொண்டு போனில் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள். டாக்டருக்கு அது ரொம்பவே உதவும்.